நல்லதுக்கா, கெட்டதுக்கா?

தம்பி, கொஞ்சம் சன்னல் பக்கமா நகந்து உக்காருங்க. மால கசங்கிரக் கூடாதுல்லா, அதுக்குச் சொன்னேன். ஆமா, ரோசாப்பூ மாலதான். ஆளு ஒசரத்துக்குக் கேட்டேன், இடுப்பு ஒசரத்துக்குத்தான் பூ இருக்குன்னுட்டான்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? நல்லதுக்கா, கெட்டதுக்கான்னுதான? பூக்கடைக்காரனும் அதத்தான் கேட்டான். "அண்ணாச்சி, நல்லதுக்குன்னா ஜிகினா வச்சுக் கட்டுவேன், கெட்டதுக்குன்னா வைக்க மாட்டேன், எதுக்குன்னு சொல்லுங்க"ன்னான். எனக்குத் தெரியலப்பா, போய்ப் பாத்தாத்தான் தெரியும்னேன். அவன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டு, பாதி மாலைக்கு ஜிகினா வச்சு, மீதிக்கு வைக்காமக் கட்டிக் குடுத்துட்டான். பாருங்க, இந்தப் பக்கம் மினுங்குது, அந்தப் பக்கம் மினுங்கல. வெவரமான ஆளு.

காதுல சொருகியிருக்கீங்களே, அதுல ஒண்ண மட்டும் எடுங்க. ரெண்டையும் எடுக்கணும்னு நான் சொல்லல. நான் சொல்றதுக்கு ஒரு காது போதும். எனக்கு இன்னும் எட்டு ஸ்டாப்பு இருக்கு. ஒங்களுக்கு விளாத்திகுளமா? அப்ப நான் எறங்குனப்பறம் பாட்டுக் கேட்டுக்கிடலாம்.

எம்பேரு வேலாயுதப்பெருமாள். கோவில்பட்டிதான். டெலிபோன் ஆபீஸ்ல முப்பத்தாறு வருசம். எக்சேஞ்சுக்குள்ள உக்காந்து லைன் குடுக்குற வேல. ரிட்டயர்டு ஆன மறுநாளே ஒரு வாட்சப் குரூப்பு ஆரம்பிச்சேன். 'கரிசல் தொலைபேசி ஓய்வு நண்பர்கள்'. நூத்தி நாப்பத்தி நாலு பேரு. நாந்தான் அட்மின். தெனம் காலையில அஞ்சே காலுக்கு என் குட் மார்னிங் வந்துரும். பூவும் பொன்மொழியும் நானே போன்ல செய்யறதுதான். ஒருத்தரு போன வாரம் "ஒங்க குட் மார்னிங் வரலேன்னா எனக்கு விடியாது"ன்னு எழுதியிருந்தாரு. அவரு வீடு எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். பாத்து மூணு வருசம் இருக்கும்.

தனியா இருக்கேன்னு நெனச்சிராதீங்க. எனக்கு அதெல்லாம் கிடையாது. பதினேழு குரூப்புல இருக்கேன். வீட்டம்மா கோமதி பெங்களூர்ல மக வீட்டுல இருக்கா. பேறுகாலத்துக்குன்னு மூணு மாசத்துக்குப் போனா. பேரனுக்கு இப்ப பேச்சு வந்து இங்கிலீசுலயே பேசுதான், அவ இன்னும் வரல. ஆனா தெனம் வீடியோ கால் உண்டு. போன மாவு டப்பா மேல சாத்தி வச்சுட்டு வேலையப் பாப்பா. எனக்குத் தெரியறது அவ எடது காதும், சுவத்துல ஓடுற எக்ஸாஸ்ட் ஃபேனும்தான். பாதி நேரம் காதும் தெரியாது. ஃபேன்கிட்டத்தான் பேசிக்கிட்டிருப்பேன். அந்த ஃபேனுக்கு எங்க வீட்டு விசயம் பூராத் தெரியும்.

வீட்டுக்கு ஆளே வர்றதில்லன்னும் சொல்ல முடியாது. கரண்டு மீட்டரு பாக்க ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ஒரு சாரு வருவாரு. அவருக்குக் காப்பி, முறுக்கு எல்லாம் எடுத்து வச்சிருப்பேன். போன தடவ பேச்சு சுவாரஸ்யத்துல நான் அவர மீட்டரு பக்கமே போக விடல. மறுநாளும் வந்தாரு பாவம். தங்கமான மனுசன்.

சரி, மாலைக்கு வாரேன். இது அய்யலுசாமிக்கு.

அய்யலுசாமி எங்க லைன்மேன். நான் உள்ள, அவன் வெளிய. போஸ்டு மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு "வேலாயிதம், கேக்குதாலே?"ம்பான். "கேக்குதுலே"ம்பேன். முப்பது வருசம் இதத்தான் பேசிக்கிட்டோம். சாயங்காலம் டீக்கடையில பாக்கும்போதும் எடுத்த எடுப்புல "கேக்குதாலே?"ன்னுதான் ஆரம்பிப்பான். ஏணியவும் கம்பிச் சுருளையும் சொமந்து சொமந்து அவனுக்கு எடது தோளு தாழ்ந்து போச்சு. தூரத்துல நடந்து வந்தாலே தராசு வர்ற மாதிரி இருக்கும். ரிட்டயர்டு ஆனதும் சொந்த ஊரு ஆத்திகுளத்துக்கே போயிட்டான். அவன் ரிட்டயர்மெண்டுக்கு அவன் சம்சாரம் ராமலச்சுமி மதினிதான் மால வாங்கிட்டு வந்தாங்க. பூக்கடையில சண்ட போட்டு ஜிகினா வச்சிருப்பாங்க போல. பூவே தெரியல, ஜிகினாதான் தெரிஞ்சது. "மினுங்கட்டும் அண்ணாச்சி, இனி என்னைக்கு மினுங்கப் போறாரு"ன்னு சிரிச்சாங்க.

அந்த மதினி ரெண்டு வருசத்துக்கு முந்தித் தவறிட்டாங்க. ஐப்பசி அடமழை. காலையில சேதி வந்துச்சு. தம்பி, என்னைய மாதிரி யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க. பத்து நிமிசத்துல போஸ்டர் ரெடி பண்ணிட்டேன். மேலேருந்து பூ விழுந்துக்கிட்டே இருக்கும், கீழ வெளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். தொண்ணூத்தாறு பேரு 'ஆழ்ந்த இரங்கல்' போட்டாங்க. போகலாம்னு வேட்டிய எடுத்துக் கட்டுனேன், வாசலுக்கு வந்தேன், அப்படி ஒரு மழ. வேட்டி நனைஞ்சிரும்லா? கோமதி போன்ல "கொடைய எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னு கத்துறா. ஆனா யோசிச்சுப் பாருங்க, நான் போயிருந்தா அங்க ஒரு அரமணி நேரம் நின்னுருப்பேன். என் போஸ்டரு மூணு நாளு நின்னுச்சு. எது பெருசு?

இவன் என்ன செஞ்சான் தெரியுமா? பதினாறு முடிஞ்ச மறுநாளு குரூப்புல எழுதுறான். 'பூப் போட்ட எல்லாருக்கும் நன்றி. ராமலச்சுமியத் தூக்க நாலு பேரு இல்லாம பக்கத்து ஊருல போய்க் கூப்பிட்டோம்.' அவ்வளவுதான். வேற ஒண்ணும் எழுதல. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. குரூப்புக்குன்னு விதி இருக்கு தம்பி, நானே எழுதுனது. ஏழாவது விதி, மனக்கசப்பான பதிவு போடக் கூடாது. அத அழிச்சேன். அவனயும் நீக்கிட்டேன். அட்மின்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்ல. அதோட ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த கிடையாது.

இப்ப என் பொறந்தநாளுக்கு வாரேன். போன ஜூன் ஒண்ணு. எங்க குரூப்புல பதினோரு பேருக்கு ஜூன் ஒண்ணுதான் பொறந்தநாளு. அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா ஹெட்மாஸ்டர் பாத்துப் போடுறதுதான தேதி. அதனால அன்னைக்கு வாழ்த்தெல்லாம் பங்கு பிரிஞ்சு போயிரும். இந்த வருசம் அப்படி விடக் கூடாது, நாலு பேராவது வீட்டுக்கு வந்து சாப்பிடணும்னு ஒரு ஆச. தனிமையெல்லாம் இல்ல, சும்மா ஒரு ஆச. வெள்ளனே எந்திரிச்சு, பழைய சேரு ஆறையும் கழுவி வெயில்ல காய வச்சேன். லட்டு, காராச்சேவு வாங்குனேன். பிரியாணிக்குச் சொல்லிவிட்டேன். புதுச்சட்ட போட்டேன். அப்பறம் போஸ்டரு செஞ்சேன்.

இங்கதான் தம்பி நீங்க நியாயம் சொல்லணும். என் போட்டோவ நல்லா முட்ட வடிவமா வெட்டி, சுத்தி ரோசாப்பூ வச்சு, ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு வச்சேன். வெளக்கு மங்கலம்தான? கீழ '1.6.1961 – 1.6.2024'ன்னு போட்டேன். பொறந்ததுலேருந்து இன்னைக்கு வரைக்கும்னு அர்த்தம். கணக்கு சரிதான? அதுக்குக் கீழ 'உங்கள் அன்பை நாடும் குடும்பத்தார்'னு போட்டேன். கோமதி பேரையும் சேத்த மாதிரி இருக்கட்டும்னு.

என்ன, சிரிக்கிறீங்க? இன்னொரு காதுல இருக்கறதயும் எடுத்துட்டீங்க போல. எடுங்க, எடுங்க.

போட்டு ரெண்டு நிமிசம் ஆகல. கும்பிடுற கையா வந்து குமியுது. ரெண்டு கை, நாலு கை, ஒருத்தரு பன்னெண்டு கை வரிசையாப் போட்டிருக்காரு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. கண்ணாடி வேற மேசையில இருக்கு, எழுத்தெல்லாம் நான் எங்க படிச்சேன், கையப் பாத்தேன், பூவப் பாத்தேன். ஒவ்வொருத்தருக்கும் 'நன்றி நன்றி'ன்னு போட்டுக்கிட்டே இருந்தேன். அப்பறம் கண்ணாடி போட்டுப் பாத்தா ஒருத்தரு 'ஐயாவின் மகன்தான் பதில் போடுகிறார் போலும். தைரியமாக இருங்கள் தம்பி'ன்னு எழுதியிருக்காரு. எனக்கு மகனே கிடையாது. சரி, வயசானவரு, யாரயோ நெனச்சு எழுதிட்டாருன்னு 'தைரியமாகத்தான் இருக்கிறேன்'னு போட்டேன். இன்னொருத்தரு 'எத்தனை மணிக்கு?'ன்னு கேட்டாரு. ஆகா, ஆளு வரப் போகுதுன்னு சந்தோசமா 'மதியம் ஒரு மணிக்கு. அனைவரும் கட்டாயம் வாங்க'ன்னு போட்டேன்.

ஒரு மணியாச்சு. ஒன்றரையாச்சு. சேரு ஆறும் வாசலப் பாத்து இருக்கு. நானும் வாசலப் பாத்து இருக்கேன். போன்ல மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. 'வெளியூரில் இருக்கிறேன், வர இயலவில்லை.' 'மூட்டு வலி, வர இயலவில்லை.' 'உடல் இங்கிருந்தாலும் மனம் அங்கேதான் இருக்கிறது.' அப்படி ஒரு நாப்பது மனசு வந்துச்சு தம்பி. ஆளு ஒண்ணு கூட வரல. பிரியாணி ஆறிப் போச்சு. பசி தாங்காம ஒரு லட்ட எடுத்து வாயில போட்டேன்.

அப்பத்தான் கேட்டுல சத்தம். பாத்தா அய்யலு. எடது தோளு தாழ்ந்து, வலது தோள்ல மால. ஆளு ஒசர ரோசாப்பூ மால. கண்ணு ரெண்டும் செவந்திருக்கு. "வேலாயிதம், போயிட்டியாலே, நான் வாறதுக்குள்ள போயிட்டியாலே"ன்னு சொல்லிக்கிட்டே உள்ள வாரான். நான் வாய் நெறையா லட்டோட எந்திரிச்சேன். "வாலே"ங்க முடியல, லட்டு அடைக்குது. கையத்தான் ஆட்டுனேன். அவன் அப்படியே நின்னுட்டான். மொகம் வெளிறிப் போச்சு. அப்பறம் மெள்ள என் காலப் பாத்தான். தரையில படுதான்னு பாத்தானாம், பின்னால சொன்னான். பட்டதும் வந்துச்சு பாருங்க ஒரு கோவம்.

"சாகலையாலே நீ?"ன்னான்.

"எதுக்குலே சாகணும்? இன்னைக்கு என் பொறந்தநாளு"ன்னேன்.

அவன் போன எடுத்துக் காமிச்சான். யாரோ என் போஸ்டர அவனுக்கு அனுப்பியிருக்காங்க. கூடவே 'நம் அட்மின் மறைந்தார்'னு ஒரு வரி. அப்பத்தான் தம்பி எனக்கு வெளங்குச்சு. இந்த ஜனங்களுக்கு ஒரு போஸ்டர ஒழுங்காப் பாக்கத் தெரியல. நான் அப்படிச் சொன்னதும் அய்யலு அந்த மாலையாலயே என்னைய ஒரு போடு போட்டான். பூவெல்லாம் செதறிப் போச்சு. அப்பறம் மிச்சத்த என் கழுத்துல போட்டுட்டு, பக்கத்துச் சேருல உக்காந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சான். சிரிச்சானா அழுதானான்னு எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல. நானும் அதத்தான் செஞ்சேன்.

அன்னைக்கு ஆறு பேரு பிரியாணிய நாங்க ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் தின்னோம். "ஒன்னையத்தான் குரூப்ப விட்டு எடுத்தேனே, நீ எதுக்குலே வந்த?"ன்னு கேட்டேன். "குரூப்ப விட்டுத்தானலே எடுத்த"ன்னான். அவனுக்கு இன்னொரு லட்டு வச்சேன்.

ராத்திரி கோமதி கூப்பிட்டா. குடும்ப குரூப்புல போஸ்டரப் பாத்திருக்கா. "நல்லாத்தான இருக்கீங்க?"ன்னு கேப்பான்னு பாத்தேன். "இந்தச் சட்ட எப்பத் தச்சீங்க?"ன்னா. குரூப்புல 'நான் உயிருடன் இருக்கிறேன்'னு அறிவிப்புப் போட்டேன். அதுக்கும் நாலு பேரு 'ஆழ்ந்த இரங்கல்' போட்டாங்க. பதினாறாம் நாளு ஒருத்தரு எனக்குக் கவித எழுதியிருந்தாரு. நல்லா இருந்துச்சு, அத வச்சிருக்கேன்.

அய்யலுவத் திரும்ப குரூப்புல சேத்தேன். போகும்போது "அடுத்த வாரம் நீ வாலே எங்க ஊருக்கு"ன்னான். வாரேன்னேன். போகணும்னுதான் இருந்தேன் தம்பி. அஞ்சு மாசமாப் போகணும்னுதான் இருந்தேன். தெனம் அவனுக்குத் தனியா ஒரு குட் மார்னிங் போடுவேன், எல்லாருக்கும் போடுறது வேற, அவனுக்குப் போடுறது வேற. அதுல பூ கூடுதலா இருக்கும். அவன் திருப்பிப் போட மாட்டான். ஒருநா மட்டும் 'கேக்குதாலே?'ன்னு எழுதுனான். நான் கட்ட வெரலப் போட்டேன்.

இன்னைக்குக் காலையில எட்டு மணிக்குக் குரூப்பத் தொறந்தா அய்யலு போட்டோ. அதே முட்ட வடிவம், அதே ரோசாப்பூ, அதே குத்துவெளக்கு. கீழ '10.5.1960'ன்னு போட்டு, கோடு போட்டு, இன்னைக்குத் தேதி.

அவன் பொறந்தநாளு மே மாசம். இது நவம்பரு. அப்ப பொறந்தநாளும் இல்ல. அவன் நம்பர்லேருந்துதான் வந்திருக்கு. செத்தவன் எப்படிலே போஸ்டர் போடுவான்னு ஒரு மனசு சொல்லுது. அவன் மக திருச்சியிலேருந்து வந்து அவன் போன எடுத்துப் போட்டிருக்கலாம்லன்னு இன்னொரு மனசு சொல்லுது. நான் வீட்டுலேருந்து கெளம்பும்போதே அறுபத்தொரு பேரு கையக் கும்பிட்டாச்சு.

போன் பண்ணிக் கேக்க வேண்டியதுதானன்னு நீங்க நெனைக்கிறீங்க. மொகத்துலயே தெரியுது. எடுத்தேன் தம்பி. முப்பத்தாறு வருசம் ஊருக்கெல்லாம் லைன் குடுத்தவன், ஒரு நம்பர அமுக்க முடியல. வேற யாராவது எடுத்துப் பேசிட்டா? அவனும் எனக்குப் போன் பண்ணியா வந்தான்? மாலயத் தூக்கிக்கிட்டுல வந்தான். மொத தடவையா குரூப்புல நான் ஒண்ணுமே எழுதல. போன அடுப்படியில மாவு டப்பா மேல வச்சுட்டு வந்துட்டேன். வேட்டியப் பாருங்க, பஸ் ஸ்டாண்டுக்கு வாறதுக்குள்ள முழங்கால் வரைக்கும் நனஞ்சு போச்சு. மழையப் பத்தி இப்பத்தான் யோசனையே வருது.

எந்த ஸ்டாப்பு இது? ஆத்திகுளம் விலக்கா? கண்டக்டர் சார், இங்கதான், இங்கதான், ஆளு எறக்கம்!

தம்பி, நீங்க சன்னல் பக்கம் இருக்கீங்க. கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்க. எனக்குப் பாக்கப் பயமா இருக்கு. பந்தல் தெரியுதா? கொட்டுச் சத்தம் கேக்குதா? ரோட்டோரம் சேரு போட்டிருக்கா? இல்லையா? நல்லாப் பாருங்க. என்ன, ஒரு ஆளு மட்டும் நிக்கிறாரா? கொட பிடிச்சுக்கிட்டா? தம்பி, தோளப் பாருங்க. ரெண்டு தோளும் சமமா இருக்கா? எடது தோளு தாழ்ந்திருக்கா? சத்தியமாத் தாழ்ந்திருக்கா?

நகருங்க, நகருங்க. லேய் அய்யலு! சாகலையாலே நீ?

என்ன சொல்றான்? மழையில ஒண்ணும் கேக்கல. எத்தன பேரு வந்திருக்கீங்கன்னா? நான் மட்டுந்தாம்லே! ஆமா, நூத்தி நாப்பத்தி நாலு பேருல நான் மட்டுந்தான்! நீ எதுக்குலே அந்தப் போஸ்டரப் போட்ட? மூதேவி!

என்னது?

கண்டக்டர் சார், ஒரு நிமிசம், விசில் அடிச்சிராதீங்க.

தம்பி, இன்னைக்கு ராமலச்சுமி மதினிக்கு ரெண்டாவது வருசமாம். படத்துக்கு முன்னால எல போட்டு வச்சிருக்கானாம். ஒத்தையில உக்காந்து சாப்பிட முடியலயாம். 'ராமலச்சுமிக்கு வருசம், வாங்க'ன்னா குரூப்புல பூப் போடுவீங்க, நான் செத்தேன்னு சொன்னாலாவது யாராவது வருவீங்களான்னு பாத்தேங்குறான். எனக்கு அந்தத் தேதி நெனப்பில்ல தம்பி. மறந்துட்டேன்னு கூடச் சொல்ல முடியாது. அன்னைக்கு நான் போனாத்தான நெனப்புல இருக்கும்.

இப்ப இந்த மால யாருக்குன்னு தெரிஞ்சு போச்சு.

எந்திரிங்க. நீங்களுந்தான். விளாத்திகுளத்துக்கு அரமணிக்கு ஒரு பஸ்ஸு இருக்கு, ஒண்ணும் கெட்டுப் போகாது. நாலு எல போட்டிருக்கானாம், ரெண்டு பேரு உக்காந்தா நல்லாவா இருக்கும்? மூணு பேருன்னா பந்தி. பைய எடுத்துக்கிடுங்க. மாலையோட அந்த முனையக் கொஞ்சம் தாங்கிப் பிடிங்க, படியில தேச்சிராம. இல்ல, இல்ல, ஜிகினாவப் பிய்க்க வேண்டாம், இருக்கட்டும். மதினிக்கு அது பிடிக்கும்.

கொட வச்சிருக்கீங்களா? இல்லையா? சரி, நனஞ்சா நனையட்டும், வாங்க.